தூது போகிற அம்மாவுக்கு

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 54 வயது. இவர் 1991 இல் அகதியாக வந்தவர். கோப்பை கழுவி, கேஸ் வென்று, 95 இடப்பெயர்வுக்குப் பிறகு என்னை ஸ்பொன்சரில் எடுத்தார். இவருடைய ஆட்கள் காங்கேசன்துறைப் பக்கம், பரம்பரைத் தமிழரசுக் கட்சிக்காரர். இங்கே பத்து வருடமாகக் கோயில் நிர்வாக சபையில் இருக்கிறார். மகனுக்கு 24 வயது, மகளுக்கு 19. மகன் யுனிவர்சிற்றியில் படிக்கும்போது சிநேகிதரோடு ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கி, போன வருடம் ஞானஸ்நானம் எடுத்துவிட்டான். மாசியில் மாமி காலமானா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஐயர் நீட்டிய திருநீற்றை மகன் வாங்கவில்லை. இவர் எல்லோருக்கும் முன்னால் 'வெளியே போ' என்றார். இப்போது மகன் ஒரு கட்சி வேட்பாளருக்காக வீடு வீடாகக் கதவு தட்டுகிறான். அது அகதிகளை வரவிடாத கட்சி என்கிறார் இவர். ஒருநாள் அவனைத் 'துரோகி' என்றும் சொல்லிவிட்டார். 2009 இல் கார்டினர் நெடுஞ்சாலை மறியலில் இந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர்தான். கோயில் வட்ஸ்அப் குழுவில் அந்த வேட்பாளருக்கு ஒருவரும் வாக்களிக்கக்கூடாது என்று எழுதினார். சபையில் பாஸ்ரர் அதே வேட்பாளர் வெல்ல வேண்டுமென்று ஜெபித்தாராம். நாலு மாதமாக அப்பாவும் மகனும் கதைப்பதில்லை. 'சாப்பிட்டானா என்று கேள்', 'கார் வேணுமா என்று கேளுங்கோ', எல்லாம் என் வழியாகத்தான். இவர் இரவில் நித்திரை கொள்வதில்லை. 'எனக்குக் கொள்ளி வைக்க ஆளில்லை' என்று ஒருநாள் சொன்னார். மகள் 'நான் வைக்கிறன் அப்பா' என்றாள். அவர் பதில் பேசவில்லை. நான் என்ன செய்ய?

பி.கு.: கட்சியில் சேரும் படிவமொன்றை மகன் கொண்டுவந்து தந்தான். இரண்டு கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடக்கிறது. கையெழுத்து வைக்கட்டா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்கள் கணவரின் மனம் அதில் இருக்கிறது, மகனின் மனமும் இருக்கிறது. மகள்கூட ஒரே வசனத்தில் தன் மனதைச் சொல்லிவிட்டாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தேடினேன். ஒரு வரியும் அகப்படவில்லை. மகன் சபைக்குப் போனது உங்களுக்கு வலிக்கிறதா, பரவாயில்லையா? அந்த வேட்பாளரை உங்களுக்குப் பிடிக்குமா? அந்தியேட்டியன்று அவன் வாசலைத் தாண்டிப் போனபோது உங்களுக்கு யார்மேல் கோபம் வந்தது? கடிதத்தின் கடைசியில்தான் "நான்" என்ற சொல்லே கேள்வியாக வருகிறது.

இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். இப்படியான கடிதத்தை எழுதுவது பெரும்பாலும் அம்மாமார்தான். அப்பாவின் கோபத்தை மகனுக்கும் மகனின் பிடிவாதத்தை அப்பாவுக்கும் பக்குவமாக மாற்றிச் சொல்லியே அவர்களுடைய சொந்தக் குரல் தேய்ந்துவிடுகிறது. அவர் "என்ர முகத்தில முழிக்கவேண்டாம் எண்டு சொல்லு" என்று சொல்லியிருப்பார். நீங்கள் அதை "அப்பாவுக்கு மனம் சரியில்லை தம்பி" என்று கொண்டுபோயிருப்பீர்கள். மகன் "அவருக்கு ஒண்டும் விளங்காது" என்றிருப்பான். நீங்கள் "களைச்சுப்போய் வந்திருக்கிறான், விடுங்கோ" என்றிருப்பீர்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் நாலு மாதமாக அந்த இருவருக்கும் ஒருவரின் கோபத்தை மற்றவர் நேரில் பார்க்கவேண்டி வரவில்லை. ஒருவரின் கவலையையும் மற்றவர் பார்க்கவில்லை. இரண்டும் உங்களிடமே தங்கிவிட்டன.

அதனால் முதலில் இந்தத் தூதை நிற்பாட்டுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே வசனத்தைச் சொல்லுங்கள்: "இனி நான் செய்தி கொண்டுபோகமாட்டன். எனக்கு ஏலாது." விளக்கம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். அவர் "சாப்பிட்டானா என்று கேள்" என்றால் "மேலே அறையில்தான் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் இரண்டு கிழமை வீடு இன்னும் மோசமாகத்தான் இருக்கும். கார் திறப்பு எங்கே என்று தெரியாமல் ஒருவர் வேலைக்குப் பிந்துவார். உடனே இறங்கி உதவவேண்டும்போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விடயத்தில் நான் கண்ட பெரும்பாலான வீடுகளில் முதல் வசனம் சாப்பாட்டைப் பற்றியோ காரைப் பற்றியோதான் வந்தது. மன்னிப்பு, மதம், கட்சி எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

இனி கொள்ளி. உங்கள் கடிதத்தில் மிகக் கனமான வரி அதுதான். கட்சிச் சண்டையையும் திருநீற்றுச் சண்டையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

மாசியில் அவர் தன் தாய்க்குச் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறார். இங்குள்ள தகனசாலையில் கொள்ளிக்குப் பதிலாக ஒரு பொத்தானை அமர்த்தச் சொல்வார்கள். அந்தப் பொத்தானில் விரல் வைத்த ஒருவருக்கு அடுத்ததாக என்ன எண்ணம் வரும்? இனி என்னுடைய முறை, எனக்கு யார் என்பதுதான். அது ஒரு பக்கம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவருடைய அப்பா காலமானபோது இவர் எங்கே இருந்தார்? 90களில் வந்த எத்தனையோ பேருக்குத் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஊருக்குப் போக முடியவில்லை. சண்டை, பாதை பூட்டு, கையில் ஒழுங்கான பத்திரமும் இல்லை. தொலைபேசியில் செய்தி கேட்டு, ஆறு பேர் இருந்த பேஸ்மென்ற் குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றி முழுகிவிட்டு, அடுத்த நாள் கோப்பை கழுவப் போனவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கணவர் அப்படியானவரா என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால், மகன் திருநீற்றை வாங்காமல் நின்ற அந்த நொடியில் அவருக்கு மகனோடு தன் தகப்பனும் நினைவுக்கு வந்திருப்பார்.

சரி, மகனிடம் இதை யாராவது கேட்டீர்களா? "அப்பாவுக்குக் கொள்ளி வைப்பாயா" என்று வெளிப்படையாக, ஒருதரமாவது? பெரும்பாலான வீடுகளில் கேட்பதேயில்லை. அவன் மாட்டான் என்று தாங்களாகவே முடிவுகட்டி, அந்த முடிவுக்காக அவன்மேல் கோபப்படுகிறார்கள். நீங்கள் கேளுங்கள். இது தூது அல்ல, ஏனென்றால் கேட்பது உங்களுக்காக. காரில் போகும்போது கேட்பது நல்லது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேண்டியதில்லை, இறங்கிப் போகவும் முடியாது. பல சபைகளில் திருநீறு பூசாதே, படைத்ததை உண்ணாதே என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அதற்காக எல்லாவற்றையும் அவன் மறுப்பான் என்று நினைக்கவேண்டாம். பெட்டி தூக்குவது, பக்கத்தில் நிற்பது, பொத்தானை அமர்த்துவது எல்லாம் செய்யலாம், சுண்ணம் இடிப்பதும் பிண்டமும்தான் ஏலாது என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள். எது முடியும், எது முடியாது என்று அவன் வாயால் வரட்டும். அதைப் பிறகு அப்பாவிடம் அவனே சொல்லவேண்டும்.

கணவர் தன் கடைசிக் கிரியை எப்படி நடக்கவேண்டும் என்று எழுதி வைப்பதும் நல்லது. ஒன்ராறியோவில் உயிலில் நிறைவேற்றுநராக யாரைப் போடுகிறாரோ, உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் சட்ட உரிமை அவருக்குத்தான். சைவ முறைப்படி நடக்கவேண்டும் என்பது அவருக்கு முக்கியமென்றால் அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று இப்போதே யோசிக்கலாம். பெறாமக்களில் ஒருவரைச் சுட்டிக்காட்டி "இவன் செய்வான்" என்று மகன் காதுபட மட்டும் சொல்லவேண்டாம் என்று கேளுங்கள். அந்த வார்த்தை ஆறுவதற்கு வருடங்கள் எடுக்கும்.

அப்புறம் உங்கள் மகள். 19 வயதுப் பிள்ளை, தகப்பனின் பயத்தைக் கேட்டதும் "நான் வைக்கிறன் அப்பா" என்றிருக்கிறாள். உங்கள் வீட்டில் இந்த நாலு மாதத்தில் சொல்லப்பட்ட மிக அன்பான வசனம் அதுதான். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. இங்கே பெண்பிள்ளைகள் கொள்ளி வைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன், ஐயர்மாரும் நின்று செய்வித்தார்கள். கணவர் அதை ஏற்பாரோ இல்லையோ, நீங்களாவது இன்றிரவே அவளிடம் போய், "நீ சொன்னது எனக்குக் கேட்டது" என்று சொல்லுங்கள்.

மதத்தைப் பற்றி உங்கள் கணவரோடு நான் கதைக்க முடிந்தால் ஒரு பெயரைத்தான் எடுப்பேன். அவர் காங்கேசன்துறைக்காரர், தமிழரசுக் கட்சிக் குடும்பம். அந்தக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா, அதாவது செல்வநாயகம், கிறிஸ்தவர். 1947 இல் அந்தத் தொகுதி அவரைத் தெரிவு செய்தது. 1952 இல் தோற்றார். 1956 இலிருந்து கடைசிவரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள், உங்கள் மாமனாரும் அதில் ஒருவராக இருக்கலாம். வேதக்காரர் ஒருவரைத் தந்தை என்று கூப்பிட்ட ஊர் அது. சண்டையில் எறிவதற்கு இதை நான் சொல்லவில்லை. செல்வநாயகம் பிறப்பிலேயே கிறிஸ்தவர், உங்கள் மகன் வீட்டுச் சமயத்தை விட்டுப் போனவன். இரண்டும் ஒன்றல்ல என்று கணவர் சொன்னால் அவர் சொல்வது சரி. அந்த இழப்பை இல்லையென்று சொல்லி ஆற்ற முடியாது. ஆனால், மகன் இனி எங்கள் ஆள் இல்லை என்று அவர் பயந்தால், அந்தப் பயத்துக்கு அவருடைய ஊரின் வரலாறே பதில் சொல்கிறது.

மகனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆறுமுக நாவலர் பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வருடக்கணக்காக உட்கார்ந்தவர். சைவத்திலிருந்து அவர் ஒரு அங்குலமும் நகரவில்லை. மற்றவருடைய வேதத்துக்கு மரியாதை கொடுத்தால் தன் வேதம் கெட்டுப்போகும் என்று அவர் பயப்படவில்லை. உங்கள் மகன் திருநீறு பூச மறுக்கலாம், அது அவனுடைய மனச்சாட்சி. ஆனால் அப்பம்மாவின் அந்தியேட்டியில், சொந்தக்காரர் நிறைந்த இடத்தில், முன்கூட்டியே அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுத்தது பிழை. "அப்பா, நான் பூசமாட்டன், பின்னால கைகூப்பிக்கொண்டு நிக்கிறன்" என்று முதல்நாள் இரவே சொல்லியிருக்கலாம். நம்பிக்கைக்காக அவன் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அந்த விதத்துக்காகக் கேட்கவேண்டும். இது என்னுடைய அபிப்பிராயம், அவனிடம் காட்டுங்கள்.

அதேபோல, உங்கள் கணவரிடம் நீங்கள் உங்கள் பேரில் ஒன்று கேட்கவேண்டும். "துரோகி" என்ற சொல் இனி அந்த வீட்டில் வரக்கூடாது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு உயிர்கள் போயிருக்கின்றன, அவருக்கும் உங்களுக்கும் அது தெரியும். 24 வயது மகனுக்கு, கனடாவில், ஒரு சட்டபூர்வமான கட்சிக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்கு, அந்தச் சொல்லா? "மற்ற எதைச் சொல்லியும் ஏசுங்கோ, அந்தச் சொல் வேண்டாம்" என்று சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவேண்டாம்.

கட்சிக் கதையில் அப்பாவிடம் பாதி இருக்கிறது, மகனிடம் மீதிப் பாதி இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 1985 இல் சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், தஞ்சம் கேட்டு வந்தவரின் கதையை நேரில் கேட்காமல் மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் கணவர் கேஸ் வென்றது அந்த வாசலால்தான், அதைத் திறந்தது எந்தக் கட்சியும் அல்ல. 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தபோது மீனவர்கள் காப்பாற்றினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பிரதமர் மல்ரோனியின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி. அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 2010 ஆவணியில் 492 பேரோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது பிரதமர் ஹார்ப்பரின் பழமைவாதக் கட்சி ஆட்சியில் இருந்தது. கப்பலில் வந்தவர்களைத் தடுத்து வைத்தார்கள், சந்தேகத்தோடு கதைத்தார்கள். உங்கள் கணவரின் கோபம் அங்கிருந்து வருகிறது, அதில் நியாயம் இருக்கிறது. மற்றப் பக்கத்தில், அமெரிக்க எல்லையால் வருபவர்களைத் திருப்பி அனுப்பும் பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்படிக்கை லிபரல் ஆட்சியில் வந்து 2004 இன் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. 2023 இல் அதை எல்லை முழுவதற்கும் விரித்ததும் லிபரல் ஆட்சிதான். உங்கள் கணவர் மாதிரித் தஞ்சம் கேட்டு இன்று ஒருவர் அமெரிக்கா வழியாக வந்தால் என்ன நடக்கும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்க்கட்டும்.

எங்கள் ஆட்களும் ஒரே கட்சியில் இல்லை. 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் புதிய ஜனநாயகக் கட்சியில் வென்று முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2015 இல் ஹரி ஆனந்தசங்கரி லிபரல் கட்சியில் வென்றார். 2018 மாகாணத் தேர்தலில் லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் முற்போக்குப் பழமைவாதக் கட்சியில் வென்றார்கள். மூன்று கட்சியிலும் நல்லூர்த் தேரை நினைத்து ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது தமிழரின் கதை மட்டுமல்ல. என்னோடு வேலை செய்யும் சீன, பஞ்சாபி, கொரிய ஆலோசகர்களும் தங்களிடம் வரும் குடும்பங்களைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். பெற்றோர் நாட்டுக்குள் விட்ட கட்சிக்கு நன்றியாக வாக்களிப்பார்கள், பிள்ளைகள் வீட்டு விலையையோ வேலையையோ பார்த்து வாக்களிப்பார்கள், கோயிலும் சபையும் பள்ளிவாசலும் நடுவில் நிற்கும். 2015 இல் ஒன்ராறியோவில் பாலியல் கல்விப் பாடத்திட்டம் மாறியபோது ஒருவரையொருவர் திரும்பிப் பாராத மதக்காரர்கள் பலர் ஒரே பக்கத்தில் நின்றார்கள். அன்றிலிருந்து அரசியல்வாதிகள் அந்த வாசல்களுக்கு வருவது இன்னும் கூடிவிட்டது.

வாசல் என்றதும் கோயிலையும் சபையையும் பற்றி ஒரு வார்த்தை. பதிவு செய்யப்பட்ட அறக்கொடை நிறுவனம் எதுவும், கோயிலோ சபையோ, ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. வருமான வரிச் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. 2018 இல் சட்டத்தைத் தளர்த்தி, பொதுக் கொள்கைகளைப் பற்றி எவ்வளவும் பேசலாம் என்றார்கள், கட்சிக்குத் தடை அப்படியே நிற்கிறது. உங்கள் கணவர் தன் சொந்தப் பேரில் என்னவும் சொல்லலாம். கோயில் குழுவில் எழுதியது சரியில்லை, பாஸ்ரர் மேடையில் ஜெபித்ததும் சரியில்லை. இருவருமே தங்கள் தங்கள் இடத்தைச் சிக்கலில் மாட்டக்கூடும்.

இனி கார்டினர். 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்று அன்னையர் தினமும்கூட. முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த நெடுஞ்சாலையில் ஏறி நின்றார்கள். உங்கள் மகனுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. தகப்பனின் தோளில் இருந்து அவன் என்ன கண்டான் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? அரசியல் என்றால் வீட்டை விட்டு வெளியே போய் நிற்பது என்று அவனுக்கு முதலில் காட்டியவர் அப்பாதான். அவன் இன்று கதவு தட்டுவது வேறு கட்சிக்காக, ஆனால் நடக்கும் கால் அன்று படித்த கால்தான். கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், ஆனால் நினைப்பார்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், விவரங்களை மாற்றியிருக்கிறேன். தகப்பனும் மகளும் இதேபோல் அரசியலில் முறிந்து என்னிடம் வந்தார்கள். மூன்றாவது சந்திப்பில் தகப்பன் ஒரு மண்ணிறக் கடித உறையைக் கொண்டுவந்தார். அவருடைய அகதிக் கோரிக்கைப் படிவம், 90களில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொல்லச் சொல்ல வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. மகள் அதை ஒருநாளும் கண்டதில்லை. சத்தமாக வாசித்தாள். ஒரு இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அது மூண்டு நாள் இல்லை பிள்ளை. ஒரு நாள். அந்தாள் பிழையாய் எழுதிப்போட்டுது." ஏன் திருத்தவில்லை என்று அவள் கேட்டாள். "திருத்தினால் கேஸ் விழுந்துபோகும் எண்டு பயம்" என்றார். ஒரு எழுத்துப் பிழைக்காக இத்தனை வருடம், குடியுரிமை எடுத்த பிறகும்கூட, வாசலில் பொலிஸ் கார் நின்றால் அவருக்கு நெஞ்சு அடித்திருக்கிறது. அகதிகளைப் பற்றி யாராவது தொலைக்காட்சியில் கதைத்தால் ஏன் அப்பா எழுந்து போய்விடுவார் என்பது அன்றுதான் அவளுக்கு விளங்கியது. அவள் கட்சியை மாற்றவில்லை. அப்பாவும் மாற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் கதைத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு உறை அலுமாரியில் இருக்கும். அதை எடுக்கச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் முதலில் தொடங்குங்கள். "95 இடப்பெயர்வுக்குப் பிறகு" என்று மூன்று சொல்லில் தாண்டிவிட்டீர்கள். ஐப்பசி கடைசியில், மழைக்குள், யாழ்ப்பாணத்தை விட்டு இலட்சக்கணக்கான சனத்தோடு நாவற்குழிப் பக்கம் நடந்த அந்த இரவில் நீங்களும் இருந்தீர்களா? கையில் என்ன கொண்டுபோனீர்கள்? எதை விட்டுவிட்டுப் போனீர்கள்? அப்பா அகதியாக வந்த கதை பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது தெரியும். உங்கள் கதை தெரிந்திருக்காது என்று பந்தயமே கட்டுவேன். ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு மகனையும் மகளையும் இருத்தி அதைச் சொல்லுங்கள். கணவர் பக்கத்து அறையில் இருந்தால் அவரும் கேட்பார்.

நித்திரையைப் பற்றிச் சொன்னீர்கள். தாய் இறந்து சில மாதம்தான் என்றால் கவலை இருக்கும்தான். ஆனால் இரவிரவாக விழித்திருப்பது, பழையதை நினைத்துத் திடுக்கிடுவது என்று தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "மனநலம்" என்று சொன்னால் வரமாட்டார், "நித்திரை இல்லை" என்று சொன்னால் வருவார். வைத்தியரிடம் மட்டும் மிச்சத்தையும் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 211 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் உங்கள் பகுதியில் தமிழில் ஆலோசனை தரும் இடங்களைக் கேட்கலாம். கோபம் கை நீட்டும் அளவுக்குப் போனால் காத்திருக்கவேண்டாம், 911.

கடைசியாக அந்தப் படிவம். பெரிய கட்சிகளில் ஒரு தொகுதிக்கு வேட்பாளர் யாரென்பதைப் பல நேரங்களில் அந்தத் தொகுதியில் பதிந்த உறுப்பினர்களின் வாக்குத்தான் முடிவு செய்கிறது. லிபரல், பழமைவாதக் கட்சிகளில் 14 வயதானவர்களும் நிரந்தர வதிவாளர்களும் உறுப்பினராகலாம். அதனால்தான் குடியேறிய சமூகங்களின் வீடுகளுக்குப் படிவங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. கையெழுத்து வைத்தால் நீங்கள் அந்தக் கட்சியின் ஆதரவாளர் என்று பதிவாகும், வேறு கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது. கட்டணம் கேட்டால் அதை நீங்களே கட்டவேண்டும், மகன் கட்டக்கூடாது. ஆனால் உள்ளே போடும் வாக்கு இரகசியமானது. பொதுத் தேர்தலிலும் அப்படித்தான், 1874 இலிருந்து இந்த நாட்டில் அதுதான் சட்டம். கணவர் கேட்டாலும் மகன் கேட்டாலும் நீங்கள் சொல்லவேண்டியதில்லை. 1947 வரை பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தியருக்கும் சீனருக்கும் வாக்கே இருக்கவில்லை. இத்தனை வருடமாக உங்களுக்கு அது இருக்கிறது. இவர் சொன்ன ஆளுக்குத்தான் போட்டு வந்தீர்களா என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகன் மனம் குளிரவேண்டும் என்று கையெழுத்து வைக்காதீர்கள். கணவருக்குப் பயந்து கிழிக்கவும் வேண்டாம். அந்த வேட்பாளர் எங்கேயாவது கூட்டம் வைத்தால் நீங்கள் தனியாகப் போங்கள். மகள் வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அகதிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நீங்களே எழுந்து கேளுங்கள், தமிழில் கேட்டாலும் மொழிபெயர்க்க அங்கே ஒரு ஆள் இருக்கும். பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, படிவத்தை எடுத்து, உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள் என்று எனக்கு எழுதவேண்டாம். அந்தக் கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள், எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள விருப்பம்.